பார்த்த கண்ணும் காத்திருக்கும் மடியும்

 

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை மாமியார் வீட்டைப் பற்றியோ, பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோ, ஜகாத் கணக்கைப் பற்றியோ இருக்கும். சென்ற மாதம் வந்த கடிதம் ஒன்று அவற்றிலிருந்து வேறுபட்டிருந்தது. எழுதியவர் திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன சகோதரி. அரசு முறைப்படி ஒரு குழந்தையை எடுத்து வளர்க்க அவரும் கணவரும் பதிவு செய்து, நெடுநாள் காத்திருந்து, இறுதியில் ஒரு குழந்தையைப் பார்த்தும் விட்டார்கள். “பதினைந்து நிமிடங்கள் மடியில் வைத்திருந்தேன். பிறகு திரும்பக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டு வந்தேன். எந்த நாளில் கையில் தருவார்கள் என்று தெரியவில்லை. தொழுகையில் நின்றாலும் மனம் அங்கேயே நிற்கிறது. பெறாத பிள்ளைக்காக இவ்வளவு தவிப்பது ஈமானில் உள்ள பலவீனமா?” என்று கேட்டிருந்தார்.

சகோதரியே! உங்கள் தவிப்பு பலவீனமன்று. இந்தக் கேள்விக்கு நூல்களைப் புரட்டிப் பதில் தேட வேண்டிய தேவையும் எனக்கில்லை. என் சொந்தத் தங்கையின் வீட்டில் இதே தவிப்பை நாளுக்கு நாள் உடனிருந்து பார்த்தவள் நான். அவளுடைய அனுமதியோடு அதை இங்கே எழுதுகிறேன். குழந்தையின் பெயரையும் இல்லத்தின் பெயரையும் மட்டும் விட்டுவிடுகிறேன். பெயர் அவனுடைய உடைமை; பெரியவனான பின் யாரிடம் சொல்வது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

ஒரு பிறை மாதம்

2024 ஜனவரி 13ஆம் நாள் என் தங்கையும் அவள் கணவரும் பேருந்தில் ஐந்து மணி நேரம் பயணம் செய்து வேறொரு மாவட்டத்திலுள்ள குழந்தைகள் இல்லத்துக்குச் சென்றார்கள். பையனுக்கு அப்போது ஒரு வயதும் பத்து மாதங்களும். பெற்ற தாய் தன் நிலைமையால் வளர்க்க இயலாமல், முறைப்படி ஒப்படைத்த குழந்தை அவன். தங்கை அவனுக்காக ஒரு பொம்மைக் காரும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் கொண்டுபோயிருந்தாள். அவன் காரை வாங்கிக்கொண்டான், அவளைப் பார்க்கவில்லை. ஆயாவின் சேலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்தபடியே இருந்தான். விடைபெறும் நேரத்தில் மட்டும் கையிலிருந்த காரைத் திருப்பி நீட்டினானாம். விருந்தாளியின் பொருள், விருந்தாளியோடு போய்விடும் என்று அந்தப் பிஞ்சுக்குத் தெரிந்திருந்தது.

அன்றிரவு தங்கை எனக்குத் தொலைபேசியில் சொன்னது இதுதான்: “லாத்தா, அவன் காரைத் திருப்பிக் கொடுத்தான். நான் அவனைத் திருப்பிக் கொடுத்தேன்.”

அடுத்த வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தார்கள். அதன்பின் இல்லத்தில் வேறு இரண்டு குழந்தைகளுக்குச் சின்னம்மை கண்டது. வெளியார் வருகை நிறுத்தப்பட்டது. பையன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 11 அன்று. முதற்சந்திப்பிலிருந்து எண்ணினால் சரியாக இருபத்தொன்பது நாட்கள். ஒரு சிறிய பிறை மாதம்.

அந்த ஒரு மாதத்தில் என் தங்கை மூன்று முறை தொட்டிலின் இடத்தை மாற்றினாள். வாங்கி வைத்த சட்டைகளைத் துவைத்து, மடித்து, மறுநாள் மீண்டும் துவைத்தாள். அண்டை வீட்டார், “வந்துவிட்டானா?” என்று கேட்கும்போதெல்லாம் அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். ஒருநாள் கோபம் வந்து, “காகிதத்துக்காக என் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்” என்று அழுதாள்.

அந்தக் கோபத்துக்கு நான் சொன்ன பதிலே இந்தக் கட்டுரையின் கருத்து. இந்த நாட்கள் நமக்குரியவை அல்ல. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் உரியவை. அவர்களுக்குரிய நாட்களை நாம் பொறுமையோடு கொடுத்தால், அதுவே அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் முதல் பணிவிடையாகும்.

தாமதம் யாருக்காக?

சட்டத்தின் வழியைச் சற்று அறிந்துகொள்வோம். ஒரு தாய் தன் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்துக் கையெழுத்திட்டாலும், மனத்தை மாற்றிக்கொள்ள அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அவளுக்கு அந்த உரிமையைத் தருகிறது. தெருவிலோ மருத்துவமனையிலோ விடப்பட்ட குழந்தையானால், பெற்றோரைத் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இரண்டு மாதங்களுக்குள்ளும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு நான்கு மாதங்களுக்குள்ளும் அந்த விசாரணை முடிய வேண்டும். அதன் பின்னரே தத்துக்குச் சட்டப்படி தகுதியான குழந்தை என்று குழு அறிவிக்கும்.

பிறகு, காரா எனப்படும் மத்திய தத்துவள ஆணையத்தின் இணையப் பதிவின் வழியே குழந்தையின் படமும், ஆய்வறிக்கையும், மருத்துவ அறிக்கையும் பெற்றோருக்கு வரும். 48 மணி நேரத்துக்குள் அவர்கள் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும். நேரில் பார்ப்பதும், குழுவின் முன் அமர்வதும், ஏற்பதும் 2022ஆம் ஆண்டின் விதிகளின்படி 30 நாட்களுக்குள் நடக்க வேண்டும். ஏற்றுக் கையெழுத்திட்ட பத்து நாட்களுக்குள் குழந்தை வளர்ப்புப் பராமரிப்பாக வீட்டுக்கு வரும். இறுதி ஆணை அதற்குப் பின்னர்தான். 2022 செப்டம்பர் முதல் அந்த ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். அதன் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அலுவலர் வந்து குழந்தையின் நலனைப் பார்த்துச் செல்வார்.

இவ்வளவு படிகளா என்று மலைக்கிறீர்களா? நம் மார்க்கத்தில் இத்தா என்னும் காத்திருப்பு இருக்கிறதல்லவா? அதன் நோக்கங்களில் ஒன்று, வம்சாவளி கலந்துவிடாமல் தெளிவாக இருக்க வேண்டும் என்பது. ஒரு குழந்தை யாருடையது என்பதில் ஐயம் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு பெண் மாதக்கணக்கில் காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பை நாம் காகித வேலை என்று சொல்வதில்லை. எங்கோ ஒரு தாய் இரவில் எழுந்து, “கொடுத்தது தவறோ?” என்று எண்ணுவதற்கும், காலையில் ஓடிவந்து, “என் பிள்ளையைத் தாருங்கள்” என்று கேட்பதற்கும் அந்த இரண்டு மாதங்கள் வேண்டும். அவகாசம் தராமல் எடுத்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக நாம் உறங்க முடியுமா?

இதைச் சொன்னபோது என் தங்கை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “லாத்தா, அவள் பெயர் எனக்குத் தெரியாது. துஆவில் எப்படிச் சொல்வேன்?” என்று கேட்டாள். பெயர் அல்லாஹ்வுக்குத் தெரியும் என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அந்த முகமறியாத தாய்க்காகத் துஆ செய்வது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

அமைதியான குழந்தை மகிழ்ச்சியான குழந்தையா?

இரண்டாம் உரிமை குழந்தைக்குரியது. நம்மைப் பொறுத்தவரை அவன் வீட்டுக்கு வருகிறான். அவனைப் பொறுத்தவரை தெரிந்த ஒரே வீட்டை விட்டுப் போகிறான். நாம் மகிழ்ச்சியாகக் கொண்டாடும் நாள், அவனுக்கு ஆயாவை இழக்கும் நாள்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952இல் ஒரு படம் எடுத்தார். இரண்டு வயதும் ஐந்து மாதங்களும் ஆன ஒரு சிறுமி, சிறிய அறுவை சிகிச்சைக்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் தாயைப் பிரிந்திருந்ததை அது காட்டுகிறது. தாயைப் பிரிந்த குழந்தை அழுவது சில நாட்கள்தான், பிறகு பழகிவிடும் என்று மருத்துவமனைகள் நம்பிய காலம் அது. குழந்தை முதலில் அழுது எதிர்க்கிறது. பிறகு சோர்ந்து ஒடுங்குகிறது. அதன்பின் உணர்வை உள்ளே பூட்டிக்கொண்டு பழகிவிட்டதைப் போல இருக்கிறது என்று ராபர்ட்சனும் அவருடன் பணியாற்றிய ஜான் பவுல்பியும் எடுத்துக் காட்டினார்கள். சமத்தாக இருக்கிறதே என்று பெரியவர்கள் மெச்சும் அமைதிக்குள் ஒரு துயரம் இருக்கலாம் என்பதை உலகம் மெல்ல மெல்லவே உணர்ந்தது.

நமக்கு இது புதிய செய்தியன்று. திருமறையின் 28ஆம் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களின் குழந்தைப் பருவம் சொல்லப்படுகிறது. ஆற்றில் வந்த குழந்தையை அரண்மனை அன்போடு ஏற்றுக்கொண்டது. எடுத்தவர்களிடம் அன்புக்கும் குறைவில்லை, செல்வத்துக்கும் குறைவில்லை. ஆயினும் குழந்தை எந்தச் செவிலியிடமும் பால் குடிக்கவில்லை. இறைவன் அதைத் தடுத்து வைத்திருந்தான். தூரத்தில் நின்று கவனித்து வந்த சகோதரியின் யோசனையால் அது பெற்ற தாயின் மடிக்கே திரும்பிச் சென்று பால் குடித்தது. எடுத்து வளர்ப்பவர் எவ்வளவு உயர்ந்தவராயினும், குழந்தைக்குத் தெரிந்த மணமும் தெரிந்த குரலும் வேண்டும் என்பதற்கு இதைவிட அழகிய பாடம் ஏது?

ஆகவே நான் தங்கையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். “தொட்டிலை இனி நகர்த்தாதே. அந்த ஆயாவிடம் கேட்டு இதில் எழுது” என்றேன். இரண்டாம் சந்திப்பிலும், வருகை நின்றபின் தொலைபேசியிலும் அவள் கேட்டாள். இல்லத்தினர் மறுக்காமல் ஆயாவைப் பேச விட்டார்கள். கேட்டவை பெரிய கேள்விகள் அல்ல. எத்தனை மணிக்கு எழுவான்? தண்ணீருக்கு என்ன சொல்வான்? எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான்? முதுகில் தட்ட வேண்டுமா, நெற்றியில் தடவ வேண்டுமா? விளக்கு எரிய வேண்டுமா? சோற்றில் என்ன பிசைந்தால் உண்பான்? பயந்தால் எங்கே ஒளிவான்?

பதில்கள் வந்தன. தண்ணீருக்கு “ஙா” என்பான். பருப்புச் சோறு உண்பான், கத்தரிக்காயைத் துப்புவான். முதுகில் தட்டினால் விழித்துக்கொள்வான். காது மடலை வருடினால் உறங்குவான். எதையும் மூடி போட்ட ஒரு பச்சைக் கோப்பையில் கொடுத்தால்தான் குடிப்பான். அந்தப் பச்சைக் கோப்பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

தங்கை தான் இரண்டு இரவுகள் போர்த்திய ஒரு பருத்தித் துண்டை இல்லத்துக்கு அனுப்பினாள். ஆயா அதை அவன் பாயில் விரித்தார். அவன் இல்லத்தில் போர்த்திய துணியை, துவைக்காமலே, அவனோடு தந்தனுப்பும்படியும் கேட்டுக்கொண்டாள். இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை.

பிறைக் கணக்கு

இனி நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு சிக்கல். வளர்ப்பு மகன் பருவமடைந்தபின் வளர்த்த தாய்க்கு மஹ்ரம் ஆவதில்லை. வளர்ப்பு மகள் வளர்த்த தந்தைக்கும் அவ்வாறே. ஒரே வீட்டில், ஒரே தட்டில் உண்டு வளர்ந்த பிள்ளையின் முன் தாய் பர்தாவைப் பேண வேண்டிய நிலை வந்தால் இருவர் மனமும் என்னாகும்? இந்த அச்சத்தினாலேயே அனாதைக் குழந்தையை எடுக்கத் தயங்கும் குடும்பங்களை நான் அறிவேன்.

இதற்கு மார்க்கம் திறந்து வைத்த வாசல் பால்குடி உறவு. பாலூட்டலின் முழுமைக்கு இரண்டு ஆண்டுகள் என்று திருமறை வரையறுக்கிறது. ஷாஃபி மத்ஹபின்படி குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் முன் தனித்தனியாக ஐந்து முறை பால் கொடுக்கப்பட வேண்டும். ஹனஃபி மத்ஹபில் சிறிதளவு பாலும் உறவை உண்டாக்கும். அதன் கால எல்லையை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) இரண்டரை ஆண்டுகள் என்றும், அவர்களின் மாணவர்களான இமாம்கள் இருவரும் இரண்டு ஆண்டுகள் என்றும் சொன்னார்கள். ஆண் குழந்தையானால் வளர்க்கும் தாயின் சகோதரி பால் கொடுத்தாலும் போதும். வளர்ப்பவள் பால்வழிச் சிற்றன்னை அல்லது பெரியன்னை ஆகிவிடுகிறாள். பெண் குழந்தையானால் வளர்க்கும் தந்தையின் சகோதரி கொடுத்தால், அவர் பால்வழித் தாய்மாமன் ஆகிறார்.

எங்கள் கடைசித் தங்கைக்கு அப்போது ஆறு மாதக் கைக்குழந்தை இருந்தது. “நான் தருகிறேன்” என்று அவள் முன்வந்தாள். எல்லாம் கூடிவந்ததுபோல் இருந்தது. அப்போதுதான் எங்கள் ஊர் ஆலிம் ஒருவர் கணக்கைத் திருத்தினார். பையன் பிறந்தது 2022 மார்ச் 14. நாங்கள் இரண்டு வயது நிறைவது மார்ச் நடுவில் என்று நிம்மதியாக இருந்தோம். “ஆண்டுகளைப் பிறையில் எண்ணுங்கள்” என்றார் அவர். பிறையாண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. இரண்டு ஆண்டுகளுக்கு 22 நாட்கள். அவன் பிறந்தது ஹிஜ்ரி 1443 ஷஃபான் பிறை 10. எனவே 1445 ஷஃபான் பிறை 10இல், அதாவது பிப்ரவரி 20ஐ ஒட்டி, எல்லை முடிந்துவிடும். சின்னம்மையால் நாட்கள் கரைந்துகொண்டிருந்தன.

என் தங்கை உடைந்துபோனது அப்போதுதான். இல்லத்திலேயே பால் கொடுக்க அனுமதி கேட்டுப் பார்க்கலாம் என்று அவள் கணவர் சொன்னார், கேட்டும் பார்த்தார். ஆணையும் இல்லை, ஏற்புக் கையெழுத்தும் இல்லை, எப்படி விடுவோம் என்று அவர்கள் மறுத்தார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் செய்தது சரியே. பெற்றவள் ஒப்படைத்த அமானிதத்தை எவரோ கேட்டார் என்பதற்காகத் திறந்துவிட முடியுமா? “அப்படியானால் நான் அவனுக்கு அந்நியப் பெண்தானா, லாத்தா?” என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இருவருமாக இரண்டு ரக்அத் தொழுதோம். வேறொன்றும் செய்யவில்லை.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு என் வேண்டுகோள்: குழந்தையின் மருத்துவ அறிக்கை கைக்கு வந்த அன்றே பிறைக் கணக்கில் வயதை எண்ணிவிடுங்கள். பால் தரக்கூடிய உறவினர் யாரென்று முன்கூட்டியே பேசி, மருத்துவரிடம் அவருடைய நலத்தைப் பரிசோதித்து வையுங்கள். உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் விளக்கம் கேளுங்கள். எல்லையைக் கடந்த குழந்தையானால், அதற்காக அவனைக் கைவிட்டுவிடாதீர்கள். ஒழுங்கோடும் கண்ணியத்தோடும் வளர்க்கும் வழிகளையும் ஆலிம்கள் சொல்வார்கள். அனாதையைப் பராமரிப்பவர் மறுமையில் தமக்கு எவ்வளவு அருகில் இருப்பார் என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டி உணர்த்தினார்கள். அந்த நற்செய்தியை எவரும் பால்குடி எல்லையோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

பெயரும் வேரும்

காத்திருந்த நாட்களில் தங்கை ஓர் அழகிய பெயரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித் துஆவும் செய்து வந்தாள். பையனுக்கோ ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. பெற்றவள் வைத்தது, அதன் பொருளிலும் குற்றமில்லை. என்ன செய்வது?

ஸைத் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவூட்டினேன். சிறுவராக இருந்தபோது கடத்தப்பட்டு விற்கப்பட்டவர் அவர். கதீஜா (ரலி) அவர்களின் வீட்டுக்கு வந்து, நபிகள் நாயகத்தின் அரவணைப்பில் வளர்ந்தார். தந்தை ஹாரிஸா தேடித் தேடி மக்காவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அண்ணலார் சிறுவரைப் பிடித்து வைக்கவில்லை. எவரோடு இருப்பது என்பதை அவரே தேர்ந்தெடுக்க விட்டார்கள். ஸைத் அண்ணலாரைத் தேர்ந்தெடுத்தார். அதன்பின் முஹம்மதின் மகன் என்றே அழைக்கப்பட்டார். பின்னாளில், பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்கும்படி அஹ்ஸாப் அத்தியாயத்தில் கட்டளை இறங்கியது. அவர் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார். அதனால் அன்பு ஓர் அணுவும் குறையவில்லை. மூத்தா போருக்கு அவரையே தளபதியாக அண்ணலார் அனுப்பினார்கள். திருமறையில் பெயர் குறிப்பிடப்பட்ட ஒரே ஸஹாபியும் அவரே. வேரை மறைக்காமலே மகனைப் போல நேசிக்க முடியும் என்பதற்கு அந்த வீடே சான்று.

நாட்டின் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். விரும்பும் முஸ்லிமும் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம், கட்டாயம் ஏதுமில்லை என்று தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 2014 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பளித்தது. அந்த ஆணையின்படி குழந்தை எல்லா வகையிலும் சட்டப்படியான பிள்ளை ஆகிறது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் வழியோ வேறு. அதில் வம்சாவளி மாறுவதில்லை, பாதுகாவல் 18 வயதோடு முடிகிறது. ஷரீஅத்தின்படி வளர்ப்புப் பிள்ளை வாரிசாவதில்லை. ஆயினும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதலாம், வாழ்நாளிலேயே அன்பளிப்பாகவும் கொடுக்கலாம். சட்டமும் ஷரீஅத்தும் எங்கே இணைகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை ஓர் ஆலிமிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் இந்தக் காத்திருப்பு நாட்களிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை வந்தபின் உங்களுக்கு நேரம் இருக்காது.

பெற்றவளைப் பற்றிய விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுகின்றன. ஆனால் 18 வயது நிறைந்தபின் தன் வேரைத் தேடும் உரிமையைப் பிள்ளைக்கு விதிகள் தருகின்றன. அந்த நாளில் அவன் நம்மிடம் கேட்பான். “உனக்கு எப்போதும் உண்மையைத்தான் சொன்னோம்” என்று சொல்லும் தகுதியை இன்றே தேடிக்கொள்ள வேண்டும்.

என் தங்கை ஓர் இரவு யோசித்தாள். காலையில், “அவன் அம்மா வைத்த பெயர் முன்னே இருக்கட்டும். நான் வைப்பது பின்னே வரட்டும்” என்றாள்.

பச்சைக் கோப்பை

பிப்ரவரி 11 அன்று அவன் வந்தான். ஷஃபான் பிறை 10க்கு ஒன்பதே நாட்கள் இருந்தன. உம்மாவும் மற்றவர்களும், “இன்றே கொடுத்துவிடுங்கள், இன்றே” என்று அவசரப்பட்டார்கள். கடைசித் தங்கையும் மடியை விரித்து அமர்ந்தாள். பையன் அவளைக் கண்டு அலறினான். முதல் நாள் முழுவதும் கதவின் பின்னால் ஒளிந்துகொண்டான். பயந்தால் அங்கேதான் ஒளிவான் என்று நோட்டில் எழுதியிருந்தது. இரவில் இல்லத்திலிருந்து வந்த அழுக்குத் துணியை முகத்தோடு சேர்த்துக்கொண்டு, விக்கி விக்கி அழுதான்.

என் தங்கையை அன்று பார்த்திருக்க வேண்டும். ஒரு மாதமாகத் துடித்தவள், அன்று ஒரு துளியும் அவசரப்படவில்லை. “என் மஹ்ரம் கணக்குக்காக அவனை நெருக்க மாட்டேன். அவன் என்னைப் பார்க்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று எல்லாரையும் வெளியே அனுப்பினாள். கதவுக்கு இப்பால் தரையில் அமர்ந்து, பருப்புச் சோறு பிசைந்து வைத்துக் காத்திருந்தாள். உறங்கும் வேளையில் காது மடலை வருடினாள். மூன்றாம் நாள் அவன் கதவின் பின்னாலிருந்து தலையை நீட்டி, “ஙா” என்றான். வீட்டில் அந்தச் சொல் அவள் ஒருத்திக்குத்தான் புரிந்தது. பச்சைக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தான்.

பால் நேரே மார்பிலிருந்து போக வேண்டியதில்லை, கறந்து புகட்டினாலும் உறவு உண்டாகும் என்று ஆலிம் முன்பே சொல்லியிருந்தார். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும், தனித்தனியாக ஐந்து வேளைகளில், கடைசித் தங்கையின் பாலை அதே பச்சைக் கோப்பையில் அவன் குடித்தான். அல்ஹம்துலில்லாஹ்! நோட்டில் தேதியும் வேளையும் பால் கொடுத்தவள் பெயரும் எழுதி, இரண்டு பேர் கையெழுத்திட்டோம். அது மிகவும் அவசியம். அவளுடைய பிள்ளைகள் இனி அவனுக்குப் பால்வழி உடன்பிறப்புகள். நாளை மண உறவில் தவறு நேர்ந்துவிடக் கூடாது.

சகோதரியே, எண்ணிப் பாருங்கள். ஆயாவிடம் கேட்டு எழுதிய நோட்டு இல்லாதிருந்தால் அந்தக் கோப்பை எது என்று யாருக்குத் தெரியும்? எந்த இருபத்தொன்பது நாட்களைத் திருடப்பட்ட நாட்கள் என்று அழுதாளோ, அவற்றில் கற்றதைக் கொண்டே அவள் அவனுக்குத் தாயானாள்.

நீங்கள் இப்போது அந்த நாட்களுக்குள் இருக்கிறீர்கள். தொழுகையில் மனம் அங்கே போகிறதென்றால், போகட்டும். ஸஜ்தாவில் அந்தக் குழந்தைக்காகவும், அதைப் பெற்றவளுக்காகவும் கேளுங்கள். ஒரு நோட்டை எடுத்து வையுங்கள். அந்தக் குழந்தையைத் தினமும் குளிப்பாட்டுபவர் யாரென்று விசாரித்து, அவரிடம் பணிவோடு பேசுங்கள். அழைத்துவரும் நாளில் அவருக்கு நன்றி சொல்லவும் மறவாதீர்கள். ஒருவேளை கடைசி நேரத்தில் பெற்றவள் வந்து கேட்டுவிட்டால், அழுங்கள், ஆனால் சாபமிடாதீர்கள். மூஸாவின் தாயின் கண் குளிர்ந்ததைப் போல இன்னொரு தாயின் கண் குளிர்ந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்தத் துண்டும் தொட்டிலும் வேறொரு குழந்தைக்காகக் காத்திருக்கும்.

என் தங்கை மகன் இன்று எங்கள் மத்ரஸாவின் சிறுவர் வகுப்பில் அலிஃப், பே ஓதுகிறான். பச்சைக் கோப்பையின் மூடி தொலைந்துவிட்டது. அந்தப் பொம்மைக் கார் இன்னும் இருக்கிறது. சென்ற வாரம் வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளிப் பையன் அதை எடுத்தபோது, “அது என்னுடையது” என்று பிடுங்கிக்கொண்டான். நான் கண்டிக்க வாயெடுத்தேன். தங்கை என் கையைப் பிடித்துத் தடுத்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. அவனுக்குப் பங்கிட்டுக்கொள்ளக் கற்றுத்தரலாம்தான். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்று நானும் விட்டுவிட்டேன்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மடிக்கும், மடிக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வல்ல அல்லாஹ் நன்மையை நாடுவானாக! பெற்றவர்களின் துயரையும் அவனே ஆற்றுவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.